விதையிலிருந்து காய்கறி: முதல் பொட்டலம் தக்காளியாக இருக்க வேண்டாம்

விதைக் கடைக்குப் புதிதாகப் போகிறவர் கை நேராகத் தக்காளிப் பொட்டலத்துக்குத்தான் நீளும். தினமும் சமையலுக்கு வேண்டும், விலை ஏறும்போது வயிறு எரிகிறது, பொட்டலத்தின் மேல் படமும் செக்கச்செவேல் என்று இருக்கிறது. ஆனால் முளைப்பதில் காட்டும் தாராளத்தைத் தக்காளி காய்ப்பதில் காட்டாது. ஒரே வாரத்தில் தட்டு நிறைய முளைத்து நிற்கும். அப்புறம் நாற்று அழுகும், பிடுங்கி நட்டால் வாடும், வெயில் ஏறினால் பூ கொட்டும், இலை சுருளும். மூன்றாவது மாதம் காலிப் பைகளை மூலையில் அடுக்கிவிட்டு, "நமக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வரிசைதான் தப்பு. முதலில் கீரை, அடுத்து வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி போல நேராக ஊன்றக்கூடியவை, அதற்குப் பிறகு நாற்று விட வேண்டிய மிளகாய், கத்தரி, தக்காளி, பந்தல் கேட்கும் கொடிகள் கடைசியில். இந்த வரிசையில் போனால் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வேண்டிய பழக்கத்தைக் கொடுத்துவிடும். கீழே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுச் சமவெளிக்குப் பொருந்தும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குக் கணக்கு வேறு.

எப்போது தொடங்குவது

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது வயலுக்கு மட்டும் சொன்னதில்லை. ஜூலை நடுவில் பிறக்கும் ஆடியில் கோடைச் சூடு தணியத் தொடங்கும், ஈரக்காற்று வரும். அப்போது ஊன்றிய வெண்டையும் கத்தரியும் ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் பிடித்து ஆளாகிவிடும். இரண்டாவது நல்ல பருவம் தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் கடலோரமாக இருப்பவர்களுக்கு ஒரு திருத்தம். அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கத்தரி, மிளகாய், வெண்டையை ஆடியிலேயே போட்டுவிடுங்கள். தக்காளியை மட்டும் மார்கழித் தொடக்கத்தில் நாற்று விட்டு, தை பொங்கலை ஒட்டி நடுவது நல்லது. பங்குனி வெயில் முற்றுவதற்குள் கணிசமாகப் பறித்துவிடலாம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் தக்காளிப் பூ நிற்காது. அந்த நேரத்தில் எந்த உரமும் உதவாது.

கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வேண்டுமானால் செப்டம்பர், அக்டோபரில் விதைத்தால் மார்கழிக் குளிரில் தேறும். முதல் வருடத்தில் அவற்றுக்காக ஆசைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. கேரட் கடையில் மலிவு, பையில் நோஞ்சான்.

சித்திரை, வைகாசியில் ஆர்வம் பொங்கினால் அதை மண் கலப்பதில் செலவிடுங்கள்.

மண்ணும் பையும்

இடத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில். வெளிச்சம் நன்றாக வருகிறது என்பதும் வெயில் விழுகிறது என்பதும் வேறு வேறு. பால்கனியில் மூன்று மணி நேரம்தான் வெயில் என்றால் கீரையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கொல்லையில் தரை இருந்தால் ஒரு முழ ஆழம் கொத்தி, கட்டி உடைத்து, மக்கிய தொழு உரம் போட்டு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். நகரத்து மனைகளில் மேல்மண் என்று இருப்பது பெரும்பாலும் கட்டடக் கழிவுதான். சல்லியும் சிமெண்டுக் கட்டியும் வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் அதன்மேலேயே பை வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

பைக்குக் கலவை எளிது: செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. கோகோபீட் என்கிற தென்னை நார்க்கழிவு ஐந்து கிலோ கட்டியாகக் கிடைக்கும். பெரிய தொட்டியில் ஊறப்போட்டால் பல மடங்கு உப்பும். அதில் உப்பும் துவர்ப்புச் சாறும் இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும். பழுப்புத் தண்ணீர் போய் ஓரளவு தெளிவு வந்தால் போதும். சாணம் பச்சையாக இருந்தால் வேர் வெந்துவிடும். கையில் எடுத்தால் நாற்றமில்லாமல், உதிரியாக, கறுப்பாக இருப்பதுதான் மக்கிய உரம்.

கலந்த மண்ணில் ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குத் தூள் போடுங்கள். நனைத்துவிட்டு ஒரு வாரம், பத்து நாள் சும்மா விடுங்கள். மண்ணில் ஒளிந்திருக்கும் களை விதைகள் அதற்குள் தலைகாட்டும், பிடுங்கிவிடலாம். வாங்கி வந்த அன்றே கலந்து அன்றே விதைப்பவர்களுக்குத்தான் எது களை, எது பயிர் என்ற குழப்பம் வருகிறது.

கலவை சரியா என்று பார்க்க, ஈர மண்ணைக் கையில் பிடித்து உருட்டுங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் செம்மண் போதாது. தட்டியும் உதிரவில்லை என்றால் கோகோபீட் சேர்க்க வேண்டும்.

பை அளவு: வெண்டை, கத்தரி, மிளகாய், தக்காளிக்கு 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் போதும். கொடிகளுக்கு 15 முதல் 18 அங்குலம். கீரைக்கு உயரம் வேண்டாம், அகலம்தான் வேண்டும். பழைய பிளாஸ்டிக் டப், மீன் பெட்டி எல்லாம் அருமையாக உதவும், அடியில் ஓட்டை போட்டால் சரி. மாடியில் பையைத் தரையோடு வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தண்ணீர் வடியும், தளமும் ஊறாது.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித் தோட்டத் தொகுப்பு கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரங்கள் எல்லாம் ஒன்றாக வந்துவிடும்.

விதைப் பொட்டலத்தை எப்படிப் படிப்பது

முன்பக்கப் படத்தை மறந்துவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி, முளைப்புத்திறன் விழுக்காடு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். விதைச் சட்டப்படி தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தது 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 விழுக்காடு முளைப்புத்திறன் வேண்டும். சான்று பெற்ற விதையென்றால் நீல அட்டை இருக்கும். பொட்டலம் பிரித்து ஸ்பூன் கணக்கில் விற்கும் இடத்தில் இந்த விவரம் எதுவும் கிடைக்காது. வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முளைக்காவிட்டால் உங்கள் மண்ணைக் குறை சொல்லாதீர்கள்.

எஃப்1 என்று போட்டிருந்தால் அது ஒட்டு வீரிய விதை. காய் நிறைய வரும், ஆனால் அதன் விதையை எடுத்து மறுமுறை போட்டால் தாயைப் போலவே வரும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு, விதை எடுத்துத் திரும்பப் போட்டாலும் தாயைப் போலவே வரும் ரகங்களும் நாட்டு விதைகளுமே போதும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பிகேஎம் 1 தக்காளி, கோவில்பட்டி கே 1 மிளகாய், பெங்களூரு ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா அனாமிகா வெண்டை எல்லாம் ரகங்கள்தான். உங்கள் ஊரில் பெயர் பெற்ற கத்தரி இருந்தால் அதையே தேடுங்கள். வேலூர்க்காரர் இலவம்பாடி முள்ளுக் கத்தரியை விட்டுவிட்டு வேறெதையோ வாங்குவது பாவம்.

விதை ரோஸ், நீலம் என்று சாயம் பூசியதுபோல இருந்தால் அதில் பூஞ்சை மருந்து கலந்திருக்கிறது. குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும்.

பழைய விதை கையில் இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி ஒரு டப்பாவில் வையுங்கள். ஒரு வாரத்தில் (மிளகாய்க்கு இரண்டு வாரம்) ஏழு முளைத்தால் நல்ல விதை. நான்குதான் என்றால் இரட்டிப்பாகப் போடுங்கள். ஒன்றிரண்டு என்றால் தூக்கிப் போடுங்கள்.

முதல் மாதம்: கீரை

சமையலறை டப்பாவிலேயே தொடங்கலாம். வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் மூன்றே நாளில் முளை தெரியும், மூன்று வாரத்தில் கூட்டு வைக்கலாம். அதன் பிறகு சிறுகீரை, முளைக்கீரை, அரைக்கீரை. சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கிவிடலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்த்துக்கொண்டே இருக்கும்.

கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும், ஓரிடம் வெறிச்சோடும். ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு காய்ந்த மணல் கலந்து தூவுங்கள். மேலே மெல்லிய படலமாக மண் போட்டு, பூவாளியில் தண்ணீர் தெளியுங்கள். குவளையால் ஊற்றினால் விதை எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். எந்த விதைக்கும் பொது விதி, அதன் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம். கீரைக்கு அது கண்ணுக்குத் தெரியாத ஆழம்.

தூவிய அன்றே எறும்பு வரிசை கட்டும், விதையைச் சுமந்துகொண்டு போகும். தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் ரவையோ அரிசி நொய்யோ தூவி வைத்தால் எறும்புக்கு அதுவே போதும்.

முளைத்து இரண்டு அங்குலம் வந்ததும் நெருக்கமாக இருப்பதைக் கலைத்துவிட வேண்டும். புதியவர்களுக்கு இது மனம் வராத வேலை. செய்யாவிட்டால் எல்லாமே நூல் நூலாக நிற்கும். பிடுங்கியதை வீணாக்க வேண்டாம், தோசை மாவில் கலந்துவிடலாம்.

கொத்தமல்லியை இந்த எளிய வரிசையில் நான் சேர்க்க மாட்டேன். முழு மல்லியை உருட்டுக்கட்டையால் மெதுவாக உருட்டி இரண்டாகப் பிளந்து போட வேண்டும், முளைக்கப் பத்து நாளுக்கும் மேல் ஆகும், சூடு பட்டால் இலை தராமல் பூவுக்குப் போய்விடும். கார்த்திகை, மார்கழியில் மட்டும் போடுங்கள்.

இரண்டாவது: நேராக ஊன்றுபவை

வெண்டை, கொத்தவரை, செடி அவரை, முள்ளங்கி. இவை இடம் மாற்றினால் முகம் சுளிக்கும், முள்ளங்கியோ வேர் பிளந்து கவட்டையாகிவிடும். இருக்கப்போகும் இடத்திலேயே ஊன்றுங்கள்.

வெண்டை விதையை ஆறிலிருந்து எட்டு மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். ஒரு குவளைத் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பஞ்சகவ்யா விட்டால் இன்னும் நல்லது. பைக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழம். நான்கைந்து நாளில் வரும். இரண்டும் வந்தால் திடமானதை விட்டுவிட்டு மற்றதை மண்ணோடு ஒட்டக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் அசையும்.

ஏறக்குறைய 45 நாளில் முதல் காய். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எட்டுப் பத்துச் செடியாவது வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பொரியலுக்குக்கூடச் சேராது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தால் காய் நாராகியிருக்கும், முற்றவிட்ட செடி அடுத்த பூவையும் குறைத்துக்கொள்ளும். இலை நரம்பு மட்டும் மஞ்சளாகி வலை போலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நரம்புத் தேமல். அதற்கு மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், மற்றச் செடிகளாவது பிழைக்கும்.

கொத்தவரை அதிகம் கவனிப்பு கேட்காத பயிர். வெயிலையும் தாங்கும், சுமாரான மண்ணையும் தாங்கும்.

மூன்றாவது: நாற்று விடுவது

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் சின்ன விதை, மெதுவாக வளரும் குழந்தைப் பருவம். குழித்தட்டு வாங்கலாம், கொட்டாங்குச்சியும் பேப்பர் கப்பும்கூடப் போதும். அலசிய கோகோபீட்டும் சலித்த மண்புழு உரமும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். விதையோடு, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நுண்ணுயிர்த் தூளான சூடோமோனாஸ் அல்லது ட்ரைக்கோடெர்மா விரிடியில் ஒரு சிட்டிகையை ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்துங்கள். விதை நேர்த்தி என்பது இவ்வளவுதான். குழிக்கு ஒரு விதை, கால் அங்குல ஆழம், மேலே மெல்லிய மூடல்.

தண்ணீர் தெளித்துப் பாலிதீன் தாளால் மூடி நிழலில் வையுங்கள். நான்காம் நாளிலிருந்து தினமும் திறந்து பாருங்கள். முதல் முளை கொக்கி போலத் தலை தூக்கியதும் மூடியை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். எல்லாம் முளைக்கட்டும் என்று இன்னும் இரண்டு நாள் மூடி வைத்தால், வெளிச்சம் தேடி வெளிறி நீண்டு, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடும். அப்படி நீண்டதைத் திரும்பத் திடப்படுத்துவது கஷ்டம். தக்காளி ஒரு வாரத்துக்குள் முளைக்கும், கத்தரிக்குக் கொஞ்சம் கூட, மிளகாய் இரண்டு வாரம்வரை இழுக்கும். பத்தாம் நாளில் பொறுமையிழந்து மிளகாய்த் தட்டைக் கிளறிப் பார்க்காதீர்கள்.

அடுத்த ஆபத்து நாற்றழுகல். நேற்றுவரை நன்றாக நின்ற நாற்று, மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக மெலிந்து கீழே படுத்திருக்கும். மண்ணில் உள்ள பூஞ்சையின் வேலை இது. அதற்கு வழி திறந்துவிடுவது மிதமிஞ்சிய ஈரமும் நெருக்கமும். காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள், மாலைக்குள் மேல்பரப்பு உலர வேண்டும். விழுந்த நாற்றை மண்ணோடு எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் கரைத்து மற்றவற்றின் வேரில் ஊற்றுங்கள். அன்பு மிகுந்து காலை, மதியம், மாலை என்று தெளிப்பவர்களின் தட்டில்தான் இது அதிகம் வருகிறது.

நடும் வயது தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 40 முதல் 45. கடைசி ஒரு வாரம் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நிழல்வலையில் வளர்ந்த நாற்றைச் சட்டென மொட்டைமாடி வெயிலில் வைத்தால் இலை வெந்து வெள்ளையாகும்.

நடுவது மாலை நான்கு மணிக்கு மேல். முதல் நாளே பையை நனைத்து வையுங்கள். தக்காளியை மட்டும் அடியிலை வரை புதைத்து நடலாம், மண்ணுக்குள் போன தண்டெல்லாம் வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் தட்டில் இருந்த அதே மட்டத்தில் நடுங்கள். மூன்று நாள் நிழல் கொடுத்தால் போதும். தக்காளிக்கு நடும்போதே கொம்பு ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் வேரைக் குத்தும்.

எத்தனை செடி? நாலு பேருக்கு மிளகாய் நாலு, கத்தரி நாலு, தக்காளி ஆறு. நாற்று மட்டும் இருமடங்கு விடுங்கள். மிஞ்சியது பக்கத்து வீட்டுக்கு.

கத்தரி ஓய்ந்ததும் பிடுங்கிவிடாதீர்கள். ஓரடி உயரத்தில் வெட்டிவிட்டு ஒரு கை உரம் போட்டால் மறுதாம்பில் இன்னொரு சுற்று காய்க்கும்.

கடைசியில்: கொடிகள்

பீர்க்கை, புடலை, பாகல், சுரை. பாகலும் புடலையும் தடித்த தோல், ஓர் இரவு ஊறவைத்தே ஊன்ற வேண்டும். பைக்கு ஒரு கொடிதான் நிற்கலாம். பந்தலை விதைக்கும் முன்பே கட்டிவிடுங்கள், கொடி காத்திருக்காது.

ஆண் பூ முதலில் வரும், ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் பெண் பூ. அதன் காம்பில் குட்டிக் காய் ஒட்டியிருக்கும். அந்தப் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழுந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்றுதான் பொருள். மூன்றாவது மாடிக்கு வண்டு, தேனீ வருவது குறைவு. ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேயுங்கள். பாகலுக்கும் பூசணிக்கும் விடிகாலை, சுரைக்கும் பீர்க்கைக்கும் சாயங்காலம், பூ மலரும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். பெண் பூவைக் கூட்டக் கொடி நுனியைக் கிள்ளிவிடும், யூடியூபில் சொல்லும் '3ஜி கட்டிங்' எல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

பாகல் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் காகிதப் பையோ துணிப் பையோ மாட்டிவிடுங்கள். பழ ஈக்கு இதைவிட நல்ல மருந்து வீட்டில் இல்லை.

பூச்சி, உரம்: சுருக்கமாக

பதினைந்து நாளுக்கொருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம், லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா தெளிப்பு. அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். கத்தரியில் நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது, வாடிய இடத்துக்குக் கீழே வெட்டி எறியுங்கள். குப்பை உரக்குழியில் போடாதீர்கள்.

அடுத்த பட்டத்துக்கு விதை

விதைக்கென்று நல்ல செடியாகப் பார்த்து, அதில் திடமான இரண்டு காய்க்கு நூல் கட்டி விட்டுவிடுங்கள். வீட்டில் யாரும் பறித்துவிடாமல் இருக்க நூல் அவசியம். வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கும் நிலைக்கு வர வேண்டும். கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். தக்காளியைப் பிழிந்து சாறோடு ஒருநாள், ஒன்றரை நாள் புளிக்கவிட்டால் விதையைச் சுற்றிய வழுவழுப்பு கழன்றுவிடும், அலசி நிழலில் உலர்த்தலாம். மிளகாயும் கத்தரியும் பக்கத்துச் செடியோடு கலக்கக்கூடியவை, பூசணியும் அப்படித்தான். இரண்டு ரகம் வைத்திருந்தால் விதைக்கான பூவை மெல்லிய துணிப்பையால் கட்டிவிட வேண்டும், பூசணிக்குக் கட்டிய பூவில் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும்.

கிராமத்தில் சுரை, பூசணி விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் வரட்டியாகத் தட்டி வைப்பார்கள், மற்ற விதைகளைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் போடுவார்கள். பிளாட்டில் இருப்பவருக்குச் சாம்பலும் மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியும் போதும், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இடம் இருந்தால் இன்னும் நல்லது. முழுக்க உலராத விதையைப் புட்டியில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். தக்காளி, கத்தரி விதை மூன்று வருடம் தாங்கும். வெண்டையை இரண்டு வருடத்துக்குள், வெங்காய விதையை அடுத்த பட்டத்திலேயே போட்டுவிடுங்கள். புட்டியின் மேல் ரகத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். உலர்ந்த பிறகு கத்தரி விதை எது, மிளகாய் விதை எது என்று பார்த்துச் சொல்வது பழகியவர்களுக்கே சிரமம்.